ரேஷனுக்கான நிதி குறையும்போது என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் குடும்ப அட்டை வைத்திருப்பவர்களும், கிராம சபையிலும் குடியிருப்போர் சங்கத்திலும் ரேஷன் பற்றிப் பேசுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களுக்கு அடிப்படை 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்ட நடைமுறையும்.

ரேஷனுக்கான பணத்தை அரசு குறைத்தால் நமக்கு எப்படித் தெரியும்?

பெரும்பாலும் தெரியாது. "உணவு மானியம் குறைக்கப்பட்டது" என்று யாரும் அறிவிக்கமாட்டார்கள். கடையில் ஏதோ ஒன்று மாறும், அதை நாம் கடைக்காரர் தவறு என்று நினைத்துக்கொள்வோம். அதனால் எந்தெந்த உருவத்தில் வரும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பொருளை நிறுத்தாமல் செலவை மாநிலத்தின் தலையில் தள்ளுவது ஒரு வழி. 2017இல் சர்க்கரைக்கு இதுதான் நடந்தது. பரம ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை தவிர மற்றவர்களுக்கான சர்க்கரை மானியத்தை மத்திய அரசு கைவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் ஒரு கிலோ சர்க்கரை 13 ரூபாய் 50 காசிலிருந்து 25 ரூபாயானது. கடையில் சண்டை போட்டவர்கள் விற்பனையாளரிடம்தான் போட்டார்கள். முடிவு எடுக்கப்பட்டது டெல்லியில்.

இன்னொன்று, விலைவாசி ஏறும்போது ஒதுக்கீட்டுத் தொகையை அப்படியே விட்டுவைப்பது. பள்ளி மதிய உணவில் தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு ஒரு நாள் சமையல் செலவு 2022 அக்டோபரில் 5 ரூபாய் 45 காசு என்று வைத்தார்கள். பருப்பு விலையும் எண்ணெய் விலையும் எங்கே போயின என்று வீட்டில் சமைக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொகை 6 ரூபாய் 19 காசானது 2024 டிசம்பரில்தான், பிறகு 2025 மே மாதம் 6 ரூபாய் 78 காசு. இடையில் கழிந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கப்படவில்லை, ஆனால் அந்தக் காசுக்கு வாங்க முடிந்த பருப்பு மாதாமாதம் குறைந்தது.

மூன்றாவது, சட்டத்தில் எழுதியதைவிடத் திட்டத்தில் குறைவாகக் கொடுப்பது. கர்ப்பிணிகளுக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவி என்று உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 2017இல் வந்த மத்தியத் திட்டம் முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 என்றது. நான்காவது, பெயரை நீக்குவது. இதைப் பற்றிக் கீழே விரிவாக இருக்கிறது, ஏனென்றால் ஒரு குடும்பத்தை நேராகத் தாக்குவது அதுதான்.

இலவச அரிசிக்குக் காசு கொடுப்பது மத்திய அரசா, மாநில அரசா?

இருவரும்தான், ஆனால் உங்கள் அட்டையைப் பொறுத்து (அட்டை வகைகள் அடுத்த கேள்வியில்). தமிழ்நாடு இந்தச் சட்டத்தில் 2016 நவம்பர் 1 அன்று சேர்ந்தது. அதற்கு முன்பே, 2011 ஜூன் முதல், இங்கே எல்லா அரிசி அட்டைக்கும் அரிசி இலவசம். சட்டத்துக்குள் வந்த அட்டைகளுக்கான அரிசியை மத்திய அரசு இப்போது இலவசமாகத் தருகிறது. சட்டத்துக்கு வெளியே உள்ள அட்டைகளுக்கு, கிலோ 8 ரூபாய் 30 காசு என்ற விலையில் மத்தியத் தொகுப்பிலிருந்து, அதாவது மத்திய அரசின் தானிய இருப்பிலிருந்து, ஒரு பங்கு வருகிறது. அந்த விலையை மாநில அரசு கட்டிவிட்டு உங்களுக்கு இலவசமாகத் தருகிறது. 20 கிலோ வாங்கும் ஒரு வீட்டுக்கு மாதம் 166 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்று இறக்குக் கூலி, லாரி வாடகை, கடைச் செலவு எல்லாம் தனி.

இந்த 8 ரூபாய் 30 காசில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. சட்டத்தின் 4ஆம் அட்டவணை தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 36.78 லட்சம் டன் என்று அளவைக் காப்பாற்றுகிறது. சட்டத்துக்கு வெளியே உள்ள அட்டைகளுக்கு வரும் பங்கின் விலையைக் காப்பாற்றவில்லை. அதை மத்திய அரசு நிர்ணயிக்கும் என்று மட்டும் சொல்கிறது. இந்திய உணவுக் கழகத்துக்கு ஒரு கிலோ அரிசிக்கு ஆகும் மொத்தச் செலவு 40 ரூபாயை ஒட்டி இருக்கிறது. விலையைக் கொஞ்சம் ஏற்றினாலும் மாநில பட்ஜெட்டில் கோடிகளில் ஓட்டை விழும். அளவு குறையவில்லையே என்று பதில் சொல்லவும் வழி இருக்கும்.

என் அட்டை எந்த வகை என்று எப்படிப் பார்ப்பது?

ஸ்மார்ட் கார்டின் முன்பக்கத்தில் புகைப்படத்துக்குக் கீழே குறியீடு இருக்கும். பிஎச்எச் என்றால் முன்னுரிமைக் குடும்பம். பிஎச்எச்-ஏஏஒய் என்றால் அந்தியோதயா, மாதம் 35 கிலோ. என்பிஎச்எச் என்றால் முன்னுரிமையற்ற அரிசி அட்டை. அதோடு எஸ் இருந்தால் சர்க்கரை அட்டை, என்சி இருந்தால் பொருளில்லா அட்டை.

முதல் இரண்டு வகைக்கும் அரிசி சட்டப்படியான உரிமை. முன்னுரிமைக் குடும்பத்துக்கு ஆளுக்கு 5 கிலோ. என்பிஎச்எச் அட்டைக்கு அரிசி வருவது மாநில அரசின் ஆணையால். ஏறத்தாழ 2.2 கோடி அட்டைகளில் பாதி இந்த வகை. அரசு ஆணையை இன்னொரு அரசு ஆணையால் மாற்ற முடியும் என்பதை இந்த வகையினர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இலவசம் எதுவரை உறுதி?

மத்திய அரசு தரும் இலவசம் 2024 ஜனவரி 1 முதல் ஐந்து ஆண்டுக்கு, அதாவது 2028 டிசம்பர் முடிய. அது அமைச்சரவை முடிவு. சட்டத்துக்குள் இருக்கும் விலை அரிசிக்குக் கிலோ 3 ரூபாய், கோதுமைக்கு 2, சிறுதானியத்துக்கு 1. அதுவும் முதல் மூன்று ஆண்டுக்குத்தான் கட்டாயம். அதன்பின், விவசாயிகளிடம் அரசு கொள்முதல் செய்யும் குறைந்தபட்ச ஆதரவு விலை வரை ஏற்றிக்கொள்ள மத்திய அரசுக்குச் சட்டமே இடம் தருகிறது. எனவே 2028ஐ நெருங்கும்போது நீட்டிப்பைக் கேட்பதோடு நிறுத்தாமல், விலையைச் சட்டத்துக்குள் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

"நிதி ஒதுக்கீடு இல்லை, இந்த மாசம் சரக்கு வரலை" என்று கடையில் சொன்னால்?

அரிசி என்றால் அந்தப் பதிலை ஏற்கத் தேவையில்லை. சட்டத்தின் 44ஆம் பிரிவு எப்போதெல்லாம் அரசு பொறுப்பிலிருந்து விலகலாம் என்று சொல்கிறது: போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம். அந்தப் பட்டியலில் பணப் பற்றாக்குறை இல்லை. மத்தியத் தொகுப்பில் தானியம் போதவில்லை என்றால் அந்த அளவுக்கு மத்திய அரசு மாநிலத்துக்குப் பணம் தர வேண்டும் என்கிறது 23ஆம் பிரிவு. உரிமையுள்ள ஒருவருக்குத் தானியம் கிடைக்காவிட்டால் மாநில அரசு உணவுப் பாதுகாப்புப் படி கொடுக்க வேண்டும் என்கிறது 8ஆம் பிரிவு. 2015இல் வந்த விதிகள் அந்தப் படியை ஆதரவு விலையின் 1.25 மடங்கை வைத்துக் கணக்கிடச் சொல்கின்றன.

இந்தப் படியை வாங்கியவர்கள் மிகக் குறைவு. காரணம் எளிது: வந்தேன், கேட்டேன், கிடைக்கவில்லை என்பதற்குக் கையில் காகிதம் இருக்காது. அதனால் சரக்கு இல்லை என்று சொன்ன அன்றே 1967 அல்லது 1800 425 5901 என்ற எண்ணில் புகாரைப் பதிவுசெய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையின் இருப்புப் பலகையைத் தேதி தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் வாங்கினால் உங்கள் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும். வாங்காத பொருள் அதில் இருந்தால் அதை அழிக்காதீர்கள், முதல் சாட்சி அதுதான். மாத முடிவில் இவற்றை இணைத்து மாவட்ட வருவாய் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலர் அவர்தான். மனுவில் "15ஆம் பிரிவின் கீழ்ப் புகார்" என்று தலைப்பிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் அது சாதாரண மனுவாகி வட்ட வழங்கல் அலுவலகத்துக்கே திரும்பிப் போய்விடும். அடுத்த படி தமிழ்நாடு மாநில உணவு ஆணையம். குறைதீர்ப்பு அலுவலர் சொன்ன நிவாரணத்தைத் தக்க காரணமில்லாமல் கொடுக்காத ஊழியருக்கு 5,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு.

துவரம் பருப்பும் பாமாயிலும் அடிக்கடி தாமதமாகின்றனவே?

அவை மத்தியச் சட்டத்தில் இல்லை. 2007இல் மாநில அரசு தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் வருபவை, பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். திட்டத்தை நீட்டிக்கும் அரசாணை, பிறகு டெண்டர், பிறகு ஆலையிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து கடை என்று ஒவ்வொன்றும் நேரத்துக்கு நடக்க வேண்டும். முதல் கண்ணி ஒரு வாரம் தள்ளினால் கடைசிக் கண்ணியில் ஒரு மாதம் போகும். 2024 மே மாதம் பொருள் வராமல், ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. அப்படி அறிவித்தால்தான் விட்ட மாதத்துப் பங்கு அடுத்த மாதம் பில்லில் வரும், தானாக வராது. தாமதமாகும் மாதத்தில் கேட்க வேண்டியது இரண்டு: நீட்டிப்பு ஆணை வந்துவிட்டதா, விடுபட்ட மாதத்தைச் சேர்த்துத் தருவார்களா.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் ரேஷனுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம். நாடு முழுவதும் கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் வரை மக்களைச் சேர்க்கலாம் என்கிறது சட்டம். தமிழ்நாட்டுக்கு வகுத்த பங்கு கிராமத்தில் 62.55, நகரத்தில் 37.79 சதவீதம். இந்தச் சதவீதத்தை வெளியான கடைசிக் கணக்கெடுப்பைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும் என்பது 9ஆம் பிரிவு. 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011 எண்ணிக்கையே நின்றது. நாடு முழுவதும் 81.35 கோடி பேர் என்ற உச்சவரம்பு அதிலிருந்து வந்தது. அதற்குப்பின் பிறந்த கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரு பிடி தானியமும் கூடுதலாக ஒதுக்கப்படவில்லை. ழான் திரேஸ், ரீதிகா கேரா போன்ற பொருளியலாளர்கள் விடுபட்டவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

பிஎச்எச் அட்டை கேட்டு விண்ணப்பித்தால் "கோட்டா முடிந்தது" என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது இதுதான். புதிய கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. கணக்கெடுப்பாளர் வரும்போது வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் சொல்லுங்கள், கைக்குழந்தையையும், திண்ணையில் படுத்திருக்கும் பாட்டியையும். எண்ணிக்கை வெளியானதும் மாநிலப் பங்கைத் திருத்தக் கோரும் குரல் அந்த மாதமே எழ வேண்டும்.

கைரேகை வைக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்களா?

பிஎச்எச், ஏஏஒய் அட்டையில் உள்ள ஒவ்வொருவரும் விரல்ரேகைச் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்பது மத்திய அரசின் உத்தரவு. 2025 ஜூலையில் திருத்திய கட்டுப்பாட்டு ஆணைப்படி இதை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். ஆறு மாதம் பொருள் வாங்காத அட்டையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, மூன்று மாதத்துக்குள் நேரில் விசாரித்து முடிவெடுக்க வேண்டும்.

போலி அட்டையை நீக்குவதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் நீக்கப்படுபவர்களில் உண்மையானவர்களும் இருக்கிறார்கள். 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் அட்டையை முன்பே நீக்கியிருந்தார்கள். சோறு கேட்டபடியே இறந்தாள் என்று அவள் தாய் சொன்னார். அந்தச் செய்திக்குப் பிறகு, ஆதார் இல்லை, விரல்ரேகை விழவில்லை என்ற காரணத்துக்காக யாருக்கும் பொருள் மறுக்கக் கூடாது, பெயரை நீக்கக் கூடாது என்று 2017 அக்டோபர் 24 அன்று மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது.

பாத்திரம் தேய்ப்பவர், செங்கல் சூளையில் வேலை செய்பவர், முந்திரி உடைப்பவர் ஆகியோரின் விரலில் ரேகை தேய்ந்திருக்கும். விரலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கட்டைவிரலோடு நிறுத்தாமல் பத்து விரலையும் முயன்று பார்க்கச் சொல்லுங்கள். கண் கருவிழி பார்க்கும் கருவி இருந்தால் அதைக் கேளுங்கள். எதுவும் விழாவிட்டால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துவிட்டு மறுபடி வரலாம், அதுவரை பொருளை நிறுத்தக் கூடாது. வெளியூரில் வேலை செய்பவர் இதற்காகச் சொந்த ஊர் வர வேண்டியதில்லை, இருக்கும் ஊரின் ரேஷன் கடையிலேயே பதியலாம்.

வரிசையில் நிற்க முடியாத முதியவர்கள்?

தமிழ்நாட்டில் 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் குறிப்பிட்ட வயதைத் தாண்டிய முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருளைக் கொண்டுவந்து தருவதற்கானது. மற்றவர்கள் கடையில் அங்கீகாரப் படிவம் வாங்கி, தங்களுக்காகப் பொருள் வாங்குபவரின் பெயரைப் பதியலாம்.

அரிசிக்குப் பதில் பணம் வங்கியில் போட்டால் நல்லதுதானே?

செலவைக் குறைக்க நினைக்கும் அரசுகள் முதலில் எடுப்பது இந்த யோசனையைத்தான். அரிசி 5 கிலோ என்றால் விலை ஏறினாலும் 5 கிலோதான். பணம் என்றால் தொகையை ஏற்றாமல் விட்டாலே போதும், குறைத்ததாக யாருக்கும் தோன்றாது.

பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. 2015 செப்டம்பரில் அங்கே அரிசிக்குப் பதில் பணம் தொடங்கியது. ரேஷன் கடைகள் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தன, 2024 தீபாவளி வாக்கில்தான் மீண்டும் திறந்தன. ராஞ்சிக்கு அருகே நக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் செய்து பார்த்தார்கள். பணம் வந்ததா என்று வங்கிக்கு ஒரு நடை, எடுக்க ஒரு நடை, அதைக் கொண்டுபோய்க் கடையில் கொடுக்க ஒரு நடை. கூலி வேலை செய்பவர்களுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். மக்கள் ராஞ்சிக்குப் பேரணியாக நடந்தார்கள், 2018 ஆகஸ்டில் திட்டம் கைவிடப்பட்டது. கர்நாடகத்தில் 2023இல் மாநில அரசு அறிவித்த கூடுதல் 5 கிலோவுக்கு வேண்டிய அரிசியை, மத்தியத் தொகுப்பிலிருந்து மாநிலங்களுக்கு விற்பதை நிறுத்தியதால் வாங்க முடியவில்லை. ஆளுக்கு 170 ரூபாய் கொடுத்தார்கள், 2025இல் மறுபடி அரிசிக்கே திரும்பினார்கள்.

வசதியானவர்களுக்கு நிறுத்தினால் ஏழைகளுக்கு மிச்சமாகுமே?

நியாயமாகத் தோன்றும் கேள்வி. அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது. 1997இல் நாடு முழுவதும் வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. பிரித்த மாநிலங்களில் பரம ஏழைகள் பலர் கோட்டுக்கு மேல் எழுதப்பட்டார்கள், கடைகள் வாடிக்கையாளர் இல்லாமல் சோர்ந்தன. இங்கே 2000-களின் தொடக்கத்தில் மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டியவர்களின் அட்டையில் 'எச்' முத்திரை வைத்து அரிசியை நிறுத்திப் பார்த்தார்கள். 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பின் அது திரும்பப் பெறப்பட்டது.

ஆசிரியரும் ஆட்டோ ஓட்டுநரும் ஒரே கடையில் நிற்கும்போது அரிசியில் கல் இருந்தால் கேட்க ஆள் இருக்கும். ஏழைகள் மட்டும் நிற்கும் கடையில் அந்தக் குரல் மேலே போய்ச் சேர்வது கடினம். உங்களுக்கு அரிசி தேவையில்லை என்றால் நீங்களே சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொள்ளலாம், அதற்கு வழி இருக்கிறது. வாங்காமல் விட்டு, உங்கள் பெயரில் வேறு யாரோ பில் போட இடம் கொடுக்காதீர்கள்.

பட்ஜெட்டில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

மாநிலத்தில் மானியக் கோரிக்கை எண் 13, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு. அதில் உணவு மானியம் என்ற வரி. 2023-24 பட்ஜெட்டில் அது 10,500 கோடி ரூபாய். மூன்று பத்திகளையும் சேர்த்துப் படியுங்கள்: வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, உண்மைச் செலவு. திருத்த மதிப்பீடு முதல் மதிப்பீட்டைவிடக் குறைந்தால், ஆண்டின் நடுவில் எதையோ வாங்கவில்லை என்று பொருள். அல்லது நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்குத் தர வேண்டியதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியிருக்கிறார்கள்.

தள்ளிவைப்பது மத்தியிலும் நடந்தது. இந்திய உணவுக் கழகத்துக்கு மானியத்தை முழுதாகக் கொடுக்காமல், தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கவைத்து வந்தார்கள். 2020-21இல் அந்தக் கடனை அடைத்தபோது உணவு மானியம் ஒரே ஆண்டில் 5.41 லட்சம் கோடியாகத் தெரிந்தது. அந்த ஆண்டோடு ஒப்பிட்டு "மானியம் பாதிக்கு மேல் வெட்டு" என்று எழுதினால் எதிர்த் தரப்பு எளிதில் மறுத்துவிடும். 2025-26 மதிப்பீடான 2,03,420 கோடியை 2024-25இன் 2,05,250 கோடியோடு ஒப்பிட்டு, விலைவாசியையும் மக்கள்தொகையையும் சேர்த்துப் பேசினால் வாதம் நிற்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் என்ன கேட்டால் பயன்?

"ஏன் குறைத்தீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள். இன்ன எண் கடைக்குக் கடந்த 12 மாதங்களில் பொருள்வாரியாக ஒதுக்கீடு, வந்த அளவு, வந்த தேதி. அந்தக் கடையில் நீக்கப்பட்ட அட்டைகளின் எண்ணிக்கை, காரணம், நீக்குமுன் அறிவிப்பு அனுப்பியதன் நகல். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்ட வழங்கல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவஞ்சலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஒதுக்கீட்டுக்கும் வந்த அளவுக்கும் இடையிலான வித்தியாசம் நாலைந்து மாதம் தொடர்ந்தால், அது கடையின் தவறா மேலிருந்து வந்த குறைப்பா என்பது பக்கத்துக் கடையின் எண்களோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு கடையில் மட்டும் என்றால் கடை. வட்டம் முழுவதும் என்றால் மேலே.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் மதிப்பு உண்டா?

உண்டு, சரியாக எழுதினால். ரேஷன் கடையின் சமூகத் தணிக்கை சட்டத்தின் 28ஆம் பிரிவில் இருக்கிறது, அதைக் கேட்க ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு சபைகள் இருக்கின்றன. "உணவு மானியத்தைக் குறைக்கக் கூடாது" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். கடை எண், மாதம், பொருள், குறைந்த கிலோ, பாதிக்கப்பட்ட அட்டைகளின் எண்ணிக்கை எழுதுங்கள். சபை முடியுமுன் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பக்கத்து வீட்டு அம்மாவின் அட்டை திடீரென முடங்கிவிட்டது. எங்கே போவது?

முதலில் கடையில் விற்பனை இயந்திரத்தில் என்ன காரணம் காட்டுகிறது என்று பாருங்கள். ரேகை பதியாததா, ஆறு மாதம் வாங்காததா, இறந்தவர் என்று தவறாகப் பதிந்ததா என்பதைப் பொறுத்து வழி மாறும். பிறகு வட்ட வழங்கல் அலுவலகம். சென்னை என்றால் மண்டல உதவி ஆணையர் அலுவலகம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமில் கொடுத்தால் பெரும்பாலும் அன்றே கணினியில் திருத்திவிடுவார்கள். அட்டை, ஆதார், இணைத்த கைப்பேசி மூன்றையும் அம்மா கையோடு கொண்டுபோகட்டும். கைப்பேசி எண் மாறியிருந்தால் அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) பழைய எண்ணுக்குப் போய் வேலை அங்கேயே நிற்கும். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வர வேண்டாம். விட்டுப்போன மாதத்து அரிசியையும் அதே மனுவில் கேட்டு எழுதுங்கள்.